ஆசீர்வாதமும் அப்பமும்: கிறிஸ்தவ வாழ்த்து மரபின் சமூக வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

2023ஆம் ஆண்டு டிசெம்பர் 18ஆம் நாள் வத்திக்கான் வெளியிட்ட பிரகடனமொன்று, ஒருபாற் சோடிகள் ஆசீர் வேண்டிக் குருவானவரிடம் வரின், திருமணச் சடங்கெனத் தோன்றாவண்ணம், வழிபாட்டு முறைக்குப் புறத்தே அதனை வழங்கலாம் என அனுமதித்தது. அடுத்த மாதமே ஆபிரிக்க ஆயர்களின் கூட்டமைப்பு, தம் திருச்சபைகளில் அவ்வாறு வழங்குவது பொருந்தாது என அறிவித்தது. இச்சர்ச்சையின் இறையியற் பெறுமதி எமது ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது. நாம் நோக்குவது வேறொன்று. சில வினாடிகளில் முடிந்துவிடும் ஒரு சொல்லும் ஒரு கையசைவும் உலகளாவிய நிறுவனமொன்றைப் பிளவுபடுத்துமளவுக்குப் பாரமுடையனவாயின், அவற்றின் பின்னணியில் நீண்டதொரு சமூக வரலாறு இருத்தல் வேண்டும். யார் யாரை வாழ்த்தலாம்? வாழ்த்துபவன் கையில் சொல் மட்டுமா இருக்கிறது, அப்பமும் இருக்கிறதா? இவ்விரு வினாக்களையும் அடியொற்றியே இக்கட்டுரை செல்கிறது.

இத்தகைய பொருள்களை ‘அபின்’ என்ற ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுவது முற்போக்காளர் சிலரிடத்துக் காணப்படும் பழக்கம். 1844இல் அச்சொல்லை எழுதிய மார்க்ஸ், அதே பந்தியில், மதத் துயரம் மெய்யான துயரத்தின் வெளிப்பாடாகவும் அதற்கெதிரான முறையீடாகவும் அமைகிறது என்றும் எழுதியிருந்தார். முற்பகுதியை மறந்து பிற்பகுதியை மட்டும் மனனம் செய்தவர்கள் நம்மிடையே பலர். ஏங்கெல்ஸ் ஜேர்மன் விவசாயிகளின் எழுச்சி பற்றி 1850இலும், ஆதிக் கிறிஸ்தவம் பற்றித் தம் இறுதிக் காலத்திலும் எழுதியமை வெறும் ஒதுக்கலுக்காக அன்று.

சொற்களிலிருந்து தொடங்குவது பயன் தரும். எபிரேய மொழியில் வாழ்த்துதலைக் குறிக்கும் ‘பராக்’ என்னும் வேரும், முழந்தாளைக் குறிக்கும் சொல்லும் ஒரே மூன்று மெய்களால் ஆனவை; இரண்டுக்கும் பிறப்புறவு உண்டா என்பதில் அறிஞரிடையே உடன்பாடில்லை. ஆயின் அவ்வேரிலிருந்து பிறந்த ‘பெராக்கா’ என்னும் பெயர்ச்சொல் வாழ்த்தையும் கொடைப்பொருளையும் ஒருங்கே குறிக்கும் என்பதில் ஐயமில்லை. கிரேக்கத்தில் ‘எவ்லோகியா’, இலத்தீனில் ‘பெனெதிக்சியோ’. இரண்டும் நன்மொழி கூறல் என்னும் பொருளுடையன. ஆங்கிலச் சொல்லான ‘பிளெஸ்’ இவற்றினின்று வேறுபட்டது. அது குருதியைக் குறிக்கும் பழைய செர்மானிய வேரிலிருந்து வந்தது. பலிக்குருதியைத் தெளித்துத் தூய்மையாக்கிய பண்டை வழக்கத்தின் எச்சத்தைக் கிறிஸ்தவம் தனதாக்கிக்கொண்ட வரலாறு அச்சொல்லுக்குள் உறைந்து கிடக்கிறது.

தமிழில் விவிலியத்தை மொழிபெயர்த்தோர் ‘ஆசீர்வாதம்’ என்னும் வடசொல்லைப் பெரிதும் கையாண்டனர். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ‘ஆசி’ என்பதை விரும்பியது. ‘வாழ்த்து’ என்னும் தமிழ்ச்சொல் இவற்றினும் பழைமையானது. புறநிலை வாழ்த்து, வாயுறை வாழ்த்து என்பன தொல்காப்பியச் செய்யுளியலில் இலக்கணம் பெற்றவை. பண்டைத் தமிழகத்தில் வாழ்த்துபவன் பாணனும் புலவனுமாக, வாழ்த்தப்படுபவன் மன்னனாக இருந்தமையும், வாழ்த்துக்குப் பரிசில் எதிர்க்கொடையாக அமைந்தமையும் கைலாசபதி 1968இல் வெளியிட்ட வீரயுகப் பாடல்கள் பற்றிய ஆங்கில நூலால் நன்கு விளங்கும். கீழிருப்பவன் மேலிருப்பவனை வாழ்த்துவது அங்கே இயல்பு. ‘ஆசீர்வாதம்’ என்னும் சொல்லோ மூத்தோரும் குருவும் கீழ்நோக்கி வழங்கும் ஒன்றையே நம் செவிக்கு உணர்த்துகிறது. சொற்றேர்வு ஒன்றே ஓர் உறவின் திசையைத் தீர்மானித்துவிட்டது எனலாம்.

பழைய ஏற்பாட்டில் இத்திசை ஒருவழிப்பட்டதன்று. ரூத் ஆகமத்தின் இரண்டாம் அதிகாரத்தில் நிலவுடைமையாளனான போவாஸ் பெத்லகேமிலிருந்து வயலுக்கு வருகிறான். அறுப்பவர்களைக் கண்டதும் இறைவன் அவர்களோடிருப்பாராக என வாழ்த்துகிறான். அவர்களும் அவனை இறைவன் ஆசீர்வதிக்கட்டும் எனத் திரும்ப வாழ்த்துகின்றனர். அவ்வயலின் ஓரத்திற்றான் மோவாபிய விதவையான ரூத் சிந்திய கதிர்களைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். சிந்தியதைப் பொறுக்கும் உரிமை வறியவர்க்கும் அந்நியர்க்கும் உரியதெனச் சட்டம் விதித்திருந்தது. அக்காட்சியைப் பொற்காலமாகக் காட்டுதல் பிழை. நிலமுடையவன், கூலியாட்கள், நிலமுமற்றுக் கூலியுமற்றுப் பொறுக்குபவள் என மூன்று படிகள் அங்கே தெளிவாகவே உள்ளன. எனினும் வாழ்த்து இருபுறமும் பாய்வதற்கு அடித்தளமாகக் கதிர் பொறுக்கும் உரிமை இருந்தமை மனங்கொளத்தக்கது.

உபாகமத்தின் 24ஆம் அதிகாரம் இதனை மேலும் துலக்குகிறது. கடனுக்கு ஈடாக ஏழையின் போர்வையைப் பெற்றவன் சூரியன் அடையுமுன் அதனைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவன் தன் போர்வையைப் போர்த்துத் துயின்று கடன் கொடுத்தவனை வாழ்த்துவான். அதுவே கொடுத்தவனுக்கு நீதியாகக் கணக்கிடப்படும். இங்கு ஆசீர்வாதத்தை வழங்கும் அதிகாரம் கடனாளியிடம் இருக்கிறது. குருவுக்கு இதில் வேலையே இல்லை. யோபு ஆகமத்திலும் தன் நேர்மைக்குச் சான்று தேடும் யோபு, தன் ஆட்டு மயிரால் குளிர்காய்ந்த வறியவனின் உடல் தன்னை வாழ்த்தியதா எனக் கேட்கிறான். வாழ்த்துவது வாயன்று, குளிர் நீங்கிய இடை. இதனினும் பொருள்முதல்வாதமான ஒரு கூற்றை அவ்விலக்கியத்தில் எளிதிற் காணவியலாது.

இதன் மறுபுறத்தை ஆதியாகமத்தின் 27ஆம் அதிகாரத்திற் காண்கிறோம். பார்வை மங்கிய ஈசாக்கு மூத்தவனான ஏசாவுக்கு வழங்க எண்ணிய ஆசியை, தாயின் சூழ்ச்சியால், ஆட்டுத்தோலைக் கையிற் சுற்றிக்கொண்டு வந்த இளையவன் யாக்கோபு பெற்றுவிடுகிறான். அந்த ஆசியில் அடங்கியிருப்பவை யாவை? வானத்துப் பனி, நிலத்தின் கொழுமை, தானியம், திராட்சைரசம், உடன்பிறந்தார் மீது ஆதிக்கம். அது சொத்துரிமைப் பத்திரத்தின் வாய்மொழி வடிவம் என்பது வெளிப்படை. ஒருமுறை சொல்லப்பட்டதைத் திரும்பப் பெறவியலாது; ஆகவே ஏசா அழுகிறான். ஆயின் கதை அங்கு முடிவதில்லை. 33ஆம் அதிகாரத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துத் தமையனைச் சந்திக்கும் யாக்கோபு, ஏழுமுறை தரையில் வீழ்ந்து வணங்கி, மந்தைகளைக் கொடுத்துத் தன் ‘பெராக்கா’வை ஏற்குமாறு மன்றாடுகிறான். திருடிய சொல்லே கொடையாகத் திரும்புகிறது. மூலமொழியின் இந்த நுட்பம் மொழிபெயர்ப்பிற் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது.

ஆதிக் கிறிஸ்தவச் சமூகங்கள் இவ்விரு மரபுகளையும் ஒருங்கே சுவீகரித்தன. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 9ஆம் அதிகாரத்தில், எருசலேமின் வறியவர்க்காகத் திரட்டப்பட்ட பணத்தை ‘எவ்லோகியா’ என்றே குறிப்பிடுகிறார். மொழிபெயர்ப்பாளர் கொடை என்னும் பொருள் தரும் சொற்களை இட்டமையால், வாழ்த்தும் பொருட்பகிர்வும் ஒரே சொல்லாக இருந்தமை வாசகர்க்குப் புலப்படுவதில்லை. யாக்கோபின் பெயரால் வழங்கும் நிருபம் இன்னும் கடுமையானது. ஆடையும் அன்றாட உணவுமின்றி நிற்கும் ஒருவரை நோக்கி, சமாதானத்தோடு போங்கள், குளிர்காயுங்கள், பசியாறுங்கள் என்று சொல்லிவிட்டு ஒன்றுமே கொடாதிருந்தால் என்ன பயன் என அது வினவுகிறது. வெறும் வாழ்த்துக்கு எதிராக எழுந்த முதற் கிறிஸ்தவக் கண்டனம் என இதனைக் கொள்ளலாம். வயலறுத்தவர்களின் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று செல்வரை ஏசும் பகுதியும் அதே நிருபத்தில் இடம்பெறுவது தற்செயலன்று.

திருச்சபை நிறுவனமாக இறுகியபோது திசை மாறியது. 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிரியாவில் தொகுக்கப்பட்ட ‘அப்போஸ்தல விதிகள்’ என்னும் நூல், ஆயர் ஆசீர்வதிப்பார், ஆசீர் பெறமாட்டார்; குரு வழங்கவும் பெறவும் செய்வார்; தியாக்கோன் வழங்கார், பெறுவார் மாத்திரமே என வரையறுக்கிறது. பொதுமக்கள் பெறுவோராக மட்டுமே எஞ்சினர். 6ஆம் நூற்றாண்டின் பெனதிக்து மடவிதியும் இளையவர் மூத்தவரைச் சந்திக்குந்தோறும் ஆசீர் கேட்க வேண்டுமெனப் பணிக்கிறது. எபிரேயருக்கு எழுதப்பட்ட நிருபத்திலே, சிறியவனைப் பெரியவனே வாழ்த்துவான் என்னும் வாதம் ஏற்கெனவே இருந்தது. நிலமானிய அமைப்பு அதனை இறுகப் பற்றிக்கொண்டது. 10ஆம் நூற்றாண்டளவில் வாளை ஆசீர்வதிக்கும் மன்றாட்டுகள் சடங்கு நூல்களில் இடம்பெறலாயின. பிரான்சிய ஊர்களில் ஞாயிறுதோறும் பகிரப்பட்ட மந்திரித்த அப்பத்தை முதலிற் பெறுவது நிலப்பிரபுவின் மரியாதையுரிமையாயிற்று. அப்பம் அங்கே இருந்தது. ஆயினும் அது வரிசைப்படி வந்தது. எவர் முதலில் என்பதற்காக வழக்குமன்றம் சென்றவர்களும் உண்டு. நம் ஊர்க் கோயில்களிற் காளாஞ்சி மரியாதைக்காக நடந்த பிணக்குகளை அறிந்தவர்க்கு இது வியப்பளிக்காது.

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் இவ்வரலாறு செறிவான வடிவம் பெற்றது. விண்ணேற்றத் திருநாளுக்கு முந்திய மூன்று நாட்களிலும் வயல்களைச் சுற்றிப் பவனி சென்று பயிரை ஆசீர்வதிக்கும் மரபு 5ஆம் நூற்றாண்டில் கோல் நாட்டு வியன் நகரில் மமேர்த்துஸ் என்னும் ஆயரால் தொடங்கப்பட்டது. 747இல் கூடிய குளோவ்ஷோ சங்கம், இந்நாட்களில் மக்கள் குதிரைப் பந்தயத்திலும் விருந்திலும் ஈடுபடுவதைக் கண்டிக்கிறது. எனவே அதற்கு முன்னரே அம்மரபு அங்கு வேரூன்றிவிட்டது என அறியலாம். மதச் சீர்திருத்தம் பொருள்களை மந்திரித்தலை மூடநம்பிக்கையெனத் தள்ளியது. மெழுகுதிரி, சாம்பல், குருத்தோலை ஆகியவற்றின் சடங்குகள் 1548இல் தடுக்கப்பட்டன. வயற் பவனி மட்டும் தப்பியது. முதலாம் எலிசபெத்தின் 1559ஆம் ஆண்டுக் கட்டளை, பங்கின் எல்லையைச் சுற்றி நடத்தலை அனுமதித்ததோடு, அயலானின் எல்லைக்கல்லைப் பெயர்ப்பவன் சபிக்கப்பட்டவன் என்பதை வழியில் நினைவூட்டுமாறும் பணித்தது. பயிருக்கு ஆசி, நிலந்திருடுபவனுக்குச் சாபம்.

அது தப்பியமைக்குக் காரணம் தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. வரைபடம் அரிதான காலத்தில் எல்லையின் ஆவணம் மக்களின் நினைவே. சிறுவர்களை அழைத்துச் சென்று எல்லைக்கல்லில் மோதியும் ஓடையில் தள்ளியும் இடத்தை மறவாது செய்வர். பொதுநிலத்தை வளைத்து எவரேனும் வேலியிட்டிருந்தால், நடந்து செல்வோர் அதனைப் பிடுங்கி எறிவதும் உண்டு. சால்ஸ்பெரிக்கு அருகே பெமெர்ட்டனில் 1630 முதல் 1633இல் இறக்கும் வரை குருவாக இருந்த கவிஞர் ஜோர்ஜ் ஹேர்பெட், நாட்டுப்புறக் குருவின் கடமைகள் பற்றி எழுதி 1652இல் அச்சேறிய உரைநடை நூலில் இப்பவனியின் நன்மைகள் நான்கு என்கிறார்: விளைச்சலுக்கு இறையாசி, எல்லை காக்கும் நீதி, உடன் நடப்பதால் பிணக்குத் தீர்தல், ஏழைகளுக்குத் தாராளமாக வழங்குதல். வராதவரை அன்பற்றவரெனக் கண்டிக்கவும் அவர் தயங்கவில்லை. அடுத்த அதிகாரம் முழுவதும் குரு மக்களை ஆசீர்வதித்தலைப் பற்றியது. சக குருமார் அதனைக் கைவிட்டதற்காக அவர் வருந்துகிறார். ஹேர்பெட் உயர்குடிப் பிறந்தவர். படிநிலையைக் குலைக்கும் எண்ணம் அவரிடம் இருந்ததாகக் கொள்ள முடியாது. ஆயினும் அவருடைய பட்டியலில் ஆசி, நீதி, அயலுறவு, உணவு ஆகியன இன்னும் ஒருங்கே நிற்கின்றன. 1604 முதல் 1914 வரை நாடாளுமன்றம் நிறைவேற்றிய 5,200க்கு மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்கள் ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கரை வளைத்தபின், சுற்றி நடப்பதற்குப் பொதுநிலமே அரிதாயிற்று. பவனி சில ஊர்களில் விழாவாக மட்டும் எஞ்சியது.

வறியவரின் வாழ்த்துக்கு நேர்ந்த கதியோ இதனினும் கொடியது. கீத் தோமஸ், அலன் மக்பர்லேன் ஆகிய இருவரும் 1970, 71ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள், 16, 17ஆம் நூற்றாண்டுகளின் சூனியக்காரி வழக்குகளுக்குள் மீண்டுமீண்டும் வரும் ஒரு காட்சியைச் சுட்டுகின்றன. வயதான ஏழைப் பெண்ணொருத்தி அயல்வீட்டுக்கு வந்து சிறிது பாலோ நொதியோ கேட்கிறாள். மறுக்கப்படுகிறாள். முணுமுணுத்துச் செல்கிறாள். பின்னர் அவ்வீட்டில் பசு நோயுறுகிறது, அல்லது குழந்தை மடிகிறது. மறுத்தவரே குற்றஞ்சாட்டுபவராகிறார். பழைய அயலுதவிக் கடமை சிதைந்து, 1598, 1601ஆம் ஆண்டுகளின் ஏழைகள் சட்டங்களால் உதவி வரியாக மாறிக்கொண்டிருந்த இடைக்காலம் அது. கொடாமையின் குற்றவுணர்வு, கேட்டவள் மீது குற்றமாகத் திருப்பப்பட்டது. உபாகமத்தின் கடனாளி பெற்றிருந்த வாழ்த்தும் அதிகாரம், கொடை நின்ற இடத்தில், சாபமாக அஞ்சப்பட்டுத் தூக்குமரத்துக்கு இட்டுச் சென்றது. பின்வந்த ஆய்வாளர் இவ்விளக்கம் எல்லா வழக்குகளுக்கும் பொருந்தாது எனக் காட்டியுள்ளனர், அது உண்மையே. ஆயினும் பொருந்தும் வழக்குகள் போதுமானவை.

இலக்கிய மாணவர்க்கு இங்கு ‘லியர் அரசன்’ நினைவுக்கு வராதிருக்க முடியாது. பிள்ளைகள் பெற்றோர் முன் முழந்தாளிட்டு ஆசி கேட்பது அக்கால ஆங்கில வழக்கம். பிரதம நீதிபரிபாலகராக இருந்த தோமஸ் மோர், நீதிமன்றத்தில் அமர்ந்திருந்த தம் தந்தையின் முன் யாவரும் காண மண்டியிட்டதை அவருடைய மருமகன் எழுதிய வரலாறு கூறுகிறது. 1606இல் அரசவையில் நடிக்கப்பட்ட இந்நாடகத்தின் தொடக்கத்தில் லியர், நாட்டைப் பங்கிடுகையில், கோர்டேலியாவுக்கு நிலத்தோடு ஆசியையும் மறுக்கிறான். ஈசாக்கின் ஆசிபோல் இதுவும் சொத்தின் மறுபெயர். இடையில் புயலில் நனைந்து, கூரையற்ற வறியவர்களைப் பற்றித் தான் சிந்தியாதிருந்ததை உணர்ந்து, மிகையானதைப் பகிர்தலே நீதி எனக் காண்கிறான். இறுதியில் அவள் முழந்தாளிட்டு ஆசி கேட்க, அவனும் அவள் முன் முழந்தாளிட முயல்கிறான். அவள் தடுக்கிறாள். மேடையில் இருவரும் ஒரே உயரத்தில் நிற்கும் அக்கணத்தில், சிறியவனைப் பெரியவனே வாழ்த்துவான் என்னும் விதி குலைகிறது. இதனைத் தந்தை-மகள் பாசத்தின் உச்சம் என மட்டும் விளக்கும் திறனாய்வு, புயற்காட்சியைப் படிக்காத திறனாய்வு.

முதலாளித்துவம் எழுந்தபின் ஆசீர்வாதம் மேலும் ஒரு திருப்பம் பெற்றது. செல்வமே இறையாசியின் அடையாளம் என்னும் கருத்து தூய்மைவாதிகளிடையே வலுப்பெற்றதை வேபரும் டோனியும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். 1950களில் அமெரிக்கப் போதகர் ஓரல் ரொபேட்ஸ் ‘ஆசீர்வாத ஒப்பந்தம்’ என ஒரு திட்டத்தையே நடத்தினார். கொடுக்கும் காணிக்கை பன்மடங்காகத் திரும்பும் என்பது அதன் சாரம். பவுலின் ‘எவ்லோகியா’ வறியவரிடம் சென்ற பணம். இதுவோ வறியவரிடமிருந்து சென்ற பணம். இன்று ‘செழிப்பு நற்செய்தி’ என வழங்கும் போக்கு பற்றி இவ்வளவே போதும். அது வரலாற்றாசிரியனைவிடக் கணக்காய்வாளனுக்கே அதிக வேலை தரும்.

இப்போக்குக்கு எதிர்த்திசையில், அது முழுவடிவம் பெறுமுன்னரே, ஆசீர்வாதம் என்பது நிலம் என விளங்கிக்கொண்டவர்களும் இருந்தனர். 1649 ஏப்ரலில் சறே மாவட்டத்தின் புனித ஜோர்ஜ் குன்றில் தரிசான பொதுநிலத்தைக் கொத்திப் பயிரிடத் தொடங்கிய ஜெராட் வின்ஸ்டன்லியும் தோழர்களும் ‘அகழ்வோர்’ என அறியப்பட்டனர். நூல்வணிகத்தில் அன்று, துணி வணிகத்தில் நொடித்துப்போய் மாடு மேய்த்தவர் வின்ஸ்டன்லி. யாக்கோபு, ஏசா கதையை அவர் வாசித்த முறை வியப்புக்குரியது. நிலத்தை வளைத்து வைத்திருக்கும் மூத்த சகோதரனே ஏசா; அடக்கப்பட்ட வறிய மக்களே இளையவனான யாக்கோபு; வாக்களிக்கப்பட்ட ஆசி இனி அவர்களுக்கு வரும்; அது மறுமையில் அன்று, இம்மண்ணில், அனைவர்க்கும் பொதுவான களஞ்சியமாக வரும். கிறிஸ்தோபர் ஹில் 1972இல் வெளியிட்ட நூலின் பின்னரே இவ்வெழுத்துகள் பரவலான வாசிப்பைப் பெற்றன. ஈசாக்கின் கூற்றில் இருந்த உடன்பிறந்தார் மீதான ஆதிக்கத்தை வின்ஸ்டன்லி நீக்கிவிட்டார். பனியையும் நிலத்தின் கொழுமையையும் தானியத்தையும் வைத்துக்கொண்டார்.

அவர்கள் குன்றிலிருந்து விரட்டப்பட்டுக் கொபம் என்னுமிடத்துக்குப் பெயர்ந்தனர். அங்கும் பயிரிட்டனர், குடிசைகள் கட்டினர். 1650 வசந்தத்தில் அக்குடிசைகள் எரிக்கப்பட்டன. திரும்பி வந்து கட்டாதிருக்கக் கூலிக்கு ஆட்கள் காவல் வைக்கப்பட்டனர். ஆட்களைத் திரட்டி வந்தவர் கொபத்தின் நிலப்பிரபு ஜோன் பிளாட். அவர் அருகிலிருந்த மேற்கு ஹோஸ்லிப் பங்கின் குருவும் ஆவார்.